பெங்களூரில் தானாகக் கற்று அனிமேஷன் படம் எடுப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன், விவேக் நகர் பக்கம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இரவில் வரைகிறவர்கள், கல்லூரியில் வேறு ஏதோ படித்துக்கொண்டே அனிமேஷன் பழகுகிறவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. முதல் பயிற்சியான பந்து துள்ளுவதிலிருந்து முதல் வருமானம் கைக்கு வரும் வரையுள்ள காலத்துக்கு மட்டுமே இங்கே பதில் தந்திருக்கிறோம்.

எந்த நிறுவனத்திலும் அனிமேஷன் படிக்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வர முடியுமா?

முடியும். லாட்வியாவின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் அனிமேஷன் பள்ளிக்குப் போனவர் இல்லை. சின்ன வயதிலிருந்தே குறும்படங்களாக எடுத்துப் பழகினார். 2019-ல் வந்த 'அவே' என்ற 75 நிமிடப் படத்தில் அசைவு, ஒளி, இசை எல்லாமே அவர் ஒருவர் கைவேலைதான். மூன்றரை வருடம் ஆனது. சிறு குழுவோடு பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் செய்த அடுத்த படம் 'ஃப்ளோ' 2025-ல் ஆஸ்கார் வாங்கியது.

அவருடைய திறமையைப் பார்க்கும்போது அவர் எதையெல்லாம் தவிர்த்தார் என்றும் பாருங்கள். 'அவே'யில் வசனம் கிடையாது, அதனால் உதட்டசைவு வேலையும் கிடையாது. ஒரு பையன், ஒரு பறவை, ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் வரும் ஒரு கரிய உருவம். கூட்டம் இல்லை, வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் இல்லை. ஒருவரால் முடிகிற அளவுக்கேற்பக் கதையை யோசித்திருக்கிறார்.

நம் நாட்டிலும் முன்னோர் உண்டு. சென்னையில் வேதியியல் படித்த ராம் மோகன் பம்பாய்க்குப் போய், 1956-ல் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னியிலிருந்து பயிற்சி தர வந்த கிளேர் வீக்ஸிடம் வேலை செய்துகொண்டே கற்றார். 2014-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தானாகக் கற்பவருக்கு உண்மையில் இல்லாமல் போவது, "இந்தக் கால் வழுக்குது பார்" என்று பக்கத்தில் இருந்து சொல்லும் ஆள். வாரம் ஒரு முறையாவது உங்கள் வேலையைப் பார்த்துக் குறை சொல்லும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஏதாவது ஒரு பட்டமும் தேவை, பல நாடுகளின் விசா விதிகள் அதைக் கேட்கின்றன.

ஆரம்பிக்க என்னென்ன வாங்க வேண்டும்?

காகிதத்தில் ஆரம்பிப்பதாக இருந்தால் செலவு மிகக் குறைவு. 75 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒரு கட்டு, சாதாரண இரண்டு துளைப் பஞ்ச், கண்ணாடிக்கடையில் ஓரம் தேய்த்து வாங்கிய 5 மி.மீ. கண்ணாடி, அடித்தாளில் வரைந்தது மேலே தெரிய அதற்கடியில் ஒரு எல்.இ.டி. பட்டி, அவ்வளவுதான். பஞ்சின் துளைகள் 6 மி.மீ. விட்டம், நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி 80 மி.மீ. இடைவெளி. அதே அளவில் இரண்டு மரக்குச்சிகளை ஒரு பட்டையில் ஒட்டினால் தாள் நகராமல் பிடிக்கும் பெக் பார் தயார். பஞ்ச் பண்ணும்போது ஒரே தடவையில் ஐந்தாறு தாளுக்கு மேல் வைக்காதீர்கள். அடித்தாள்களில் துளை சாய்ந்து விழும். திரையில் ஓட்டும்போது படம் நடுங்கும், காரணம் தெரியாமல் வரைந்ததையே திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

கணினியில் என்றால், கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு. 2டி வேலைக்கு 16 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் இருக்கிற பழைய கணினி போதும். 3டி செய்வதானால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், அதில் நினைவகம் 8 ஜி.பி. இருந்தால் நல்லது. பழைய கார்டு வாங்கினால் கடையிலேயே கணினியில் மாட்டச் சொல்லி, பிளெண்டரில் ஒரு காட்சியைப் பத்து நிமிடம் ரெண்டர் (கணினி இறுதிப் படத்தை உருவாக்கும் வேலை) ஓட்டிப் பாருங்கள். சூடேறியபின் திரையில் புள்ளிகள் வந்தாலோ கணினி அணைந்து எழுந்தாலோ விட்டுவிடுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கணினியோடு இணைத்து வரையும் வரைபலகைக்கு (டேப்லெட்) திரை தேவையில்லை. ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலப் பலகையில் கை பழக இரண்டு வாரம் ஆகும், அந்தப் பொறுமை போதும். திரையுள்ள பலகைக்கான பணத்தை ரேமுக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் போடுங்கள்.

எந்த மென்பொருள்?

காசு கொடுக்காமலே முழுப்படமும் முடிக்கலாம். படம் வரையவும் சிறு அசைவுகளுக்கும் கிரிட்டா. காகிதத்தில் வரைந்ததை ஸ்கேன் செய்து வண்ணம் தீட்ட ஓப்பன்டூன்ஸ். 3டிக்கும், அதிலுள்ள கிரீஸ் பென்சில் என்ற வரையும் கருவி வழியாக 2டிக்கும் பிளெண்டர். வெட்டி ஒட்டவும் வண்ணம் சரிசெய்யவும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. ஒன்றைத் தேர்ந்து ஆறு மாதம் அதிலேயே இருங்கள். மாதம் ஒரு மென்பொருள் மாற்றுகிறவரின் பந்து எதிலும் சரியாகத் துள்ளுவதில்லை.

எதை முதலில் பழக வேண்டும்?

பந்து. சலிப்பாகத் தெரிந்தாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படம் ஓடுகிறது. ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால், அதாவது டூஸில் வரைந்தால், விநாடிக்கு 12 படம். அரை விநாடியில் ஒரு பொருள் ஏறக்குறைய 1.2 மீட்டர் விழும். அந்த அரை விநாடிக்கு ஆறு படம். பந்து விழும் உயரத்தை 36 சம பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு படத்துக்கும் 1, 3, 5, 7, 9, 11 பாகம் இறக்குங்கள். கூட்டினால் 36 வரும். புதிதாக வருபவர் எல்லாப் படத்துக்கும் ஒரே இடைவெளி விடுவார், பந்து தண்ணீருக்குள் இறங்குவது போல் மிதக்கும்.

அடுத்து நடை. ஓர் அடிக்கு 12 ஃபிரேம் வைத்தால் சாதாரண நடை வரும். 1-ல் குதிகால் தரையைத் தொடும், 4-ல் எடை இறங்கி உடல் தாழும், 7-ல் ஒரு கால் மற்றதைக் கடக்கும், 10-ல் உடல் எழும்பும், 13-ல் எதிர்க்காலின் குதிகால் தொடும். கால் வழுக்குவதுதான் எல்லோருக்கும் வரும் சிக்கல். பாத்திரத்தை ஒரே இடத்தில் நடக்கவிட்டுப் பின்னணியை நகர்த்துகிறீர்கள் என்றால், ஓர் அடியின் நீளம் 240 பிக்சல், 12 ஃபிரேம், ஆகவே பின்னணி ஃபிரேமுக்கு 20 பிக்சல் நகர வேண்டும். ஊன்றிய பாதமும் அதே 20 பிக்சல் பின்னால் போக வேண்டும். கண்ணளவில் 18 என்று வைத்தால் வழுக்கும்.

புத்தகத்து நடை வந்தபின் விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போங்கள். தலையில் பூக்கூடை சுமந்து வருபவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கூடை மேலும் கீழும் ஆடுவதே இல்லை. அந்த ஆட்டத்தை முழங்கால் வாங்கிக்கொள்கிறது. அடி குட்டையாகிறது, கூடையைப் பிடித்த கையின் தோள் உயர்ந்தே நிற்கிறது, வீசும் கை மட்டும் சுதந்திரமாகப் போகிறது. இதை வரைந்து சரியாக வந்தால் வேலை கேட்கும்போது காட்டும் உங்கள் ரீலில் வைக்கத் தகுந்த முதல் துண்டு கிடைத்துவிட்டது. யாரையாவது படம் பிடிப்பதென்றால் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

செல்பேசியில் எடுத்த காணொளியைப் பார்த்து வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். செல்பேசி பெரும்பாலும் 30 ஃபிரேமில், அதுவும் கூடிக் குறையும் வேகத்தில் பதிகிறது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான 24-க்கு மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.

முதல் படம் எத்தனை நிமிடம் இருக்கலாம்?

ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். ஏன் என்று கணக்குப் போட்டால் தெரியும். டூஸில் ஒரு நிமிடத்துக்கு 720 படம். 500 தாள் உள்ள ஒரு கட்டு 42 விநாடியில் தீர்ந்துவிடும், அதுவும் ஒரே பாத்திரம், ஒரே அடுக்கு என்றால்தான். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் வரைபவரால் வாரத்துக்கு 4 விநாடி வண்ணத்தோடு முடிக்க முடிந்தால் அது நல்ல வேகம். இரண்டு நிமிடம், அதாவது 120 விநாடி, 30 வாரம். பொங்கலுக்கு ஆரம்பித்தால் ஆயுத பூஜைக்குள் முடியலாம், நடுவில் காய்ச்சல், ஊர்த் திருவிழா, ஆபீஸ் கெடு எல்லாம் சேர்த்து.

பத்து நிமிடக் கதையை வைத்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. அது 150 வாரம், கிட்டத்தட்ட மூன்று வருடம். முதல் வருடத்தில் வரைந்தது இரண்டாம் வருடத்தில் உங்களுக்கே பிடிக்காமல் போகும், ஏனென்றால் கை அதற்குள் தேறியிருக்கும். திரும்ப முதலிலிருந்து வரைய ஆரம்பிப்பீர்கள். பாதியில் நிற்கும் படங்களில் பல இப்படி நின்றவைதான். அந்தப் பத்து நிமிடக் கதையில் மனதில் நிற்கும் ஒரே நிகழ்ச்சியை மட்டும் எடுத்து இரண்டு நிமிடமாக்குங்கள். மீதி அடுத்த படத்துக்கு இருக்கட்டும்.

அனிமேட்டிக் அவசியமா? நேராக வரைய ஆரம்பித்தால் என்ன?

அவசியம். ஸ்டோரிபோர்டுப் படங்களை, அதாவது கதையைக் காட்சி காட்சியாகக் காட்டும் வரைபடங்களை, உத்தேச ஒலியோடு, உரிய நேர அளவில் கோத்து ஓட்டுவதுதான் அனிமேட்டிக். குச்சி மனிதர்கள் போதும். அதில் ஒரு ஷாட்டை வெட்டினால் போவது பத்து நிமிட வேலை, வண்ணம் தீட்டியபின் வெட்டினால் போவது ஒரு மாதம். முடித்ததும் கதை தெரியாத மூன்று பேரைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லி, "என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் விளக்க ஆரம்பித்தால் சோதனை கெட்டுவிடும். இரண்டு பேருக்குப் புரியாத இடத்தை மாற்றியே ஆக வேண்டும்.

ரெண்டர் பாதியில் கரண்ட் போய் எல்லாம் போய்விட்டது. என்ன செய்வது?

நேராகக் காணொளிக் கோப்பாக ரெண்டர் செய்ததுதான் தவறு. எப்போதும் பி.என்.ஜி. வரிசையாக, ஃபிரேமுக்கு ஒரு கோப்பாக எடுங்கள். பிளெண்டரின் வெளியீட்டு அமைப்பில் 'ஓவர்ரைட்' குறியை நீக்கிவிட்டால், திரும்ப ஓட்டும்போது ஏற்கெனவே இருக்கும் ஃபிரேம்களை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து தொடரும். கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கடைசிக் கோப்பு பாதியாக இருக்கும், அதை மட்டும் அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

நேரத்தை முன்னரே கணக்கிடுங்கள். இரண்டு நிமிடப் படம் 2,880 ஃபிரேம். ஃபிரேமுக்கு 40 விநாடி ஆனால் 32 மணி நேரம். ஒரு ஃபிரேமுக்கே மூன்று நிமிடமாகிவிட்டால் 144 மணி, முழுதாக ஆறு நாள். எளிமையான படங்களுக்கு பிளெண்டரின் மெதுவான ரெண்டர் முறையான சைக்கிள்ஸை விட்டு, வேகமான ஈவியில் ரெண்டர் செய்யலாம். சைக்கிள்ஸில் ஒளியைக் கணக்கிடும் சாம்பிள் எண்ணிக்கையைக் குறைத்து, புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸ் போட்டால் தனி ஃபிரேமாகப் பார்க்க அழகாக இருக்கும், ஓட்டும்போது சுவர்கள் கொதிப்பது போல் நெளியும். அதனால் முழுப்படத்துக்கும் போகும் முன் எந்த ஷாட்டிலும் 24 ஃபிரேமாவது ஓட்டிப் பாருங்கள்.

தலைப்பில் தமிழ் எழுத்து உடைகிறது. கொம்பு இடம் மாறி நிற்கிறது.

'கொ' என்ற எழுத்தில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை இடம் மாற்றிக் காட்டும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். செய்யாத இடங்களில் 'கெ', 'கொ', 'கை' எல்லாம் சிதறும். எந்த மென்பொருளிலும் வேலை செய்யும் வழி இது: இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தைப் பாதையாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்துப் பிளெண்டருக்குள் கொண்டுவாருங்கள். அதன்பின் அது வெறும் வடிவம், உடையாது. பாதையாக மாற்றுமுன் எழுத்துப்பிழை பார்த்துவிடுங்கள், பிறகு திருத்த முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர் ஆகிய எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் சப்டைட்டில் அடித்துக் கொடுத்தால் விழாக்காரர்கள் திரையில் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். சப்டைட்டிலுக்கான எஸ்.ஆர்.டி. கோப்பை யூ.டி.எஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

தமிழ் வசனத்துக்கு உதட்டசைவு எப்படி?

இணையத்தில் கிடைக்கும் வாய் வடிவ அட்டவணைகள் ஆங்கிலத்துக்கானவை. தமிழுக்கு ஏழு வடிவம் போதும்: மூடிய உதடு (ப, ம), லேசாகத் திறந்து பல் தெரிவது (ச, க), அகலத் திறந்தது (ஆ), இழுத்தது (இ, ஈ, எ, ஏ), குவிந்தது (உ, ஊ, ஒ, ஓ), கீழுதட்டைப் பல் தொடுவது (வ), நாக்கு மேலே தெரிவது (த, ந, ல, ள, ழ).

"அம்மா வந்தாச்சா?" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 'ம்மா'வில் மகர மெய் இரட்டிப்பதால் உதடு குறைந்தது மூன்று ஃபிரேம் மூடியே இருக்க வேண்டும். ஒரே ஃபிரேமில் மூடித் திறந்தால் காதில் 'அம்மா' கேட்டாலும் கண்ணுக்கு 'அமா' என்று படும். 'வ'வில் பல் தொடுவது தெரிந்தால் போதும், 'ந்தா'வுக்கு நேராகத் தாவலாம். 'ச்சா'வுக்குப் பல் ஒரு கணம் சேர்ந்து பிறகு விரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் வாயை மாற்றினால் படபடவென்று அடிக்கும். இந்த வரிக்கு ஏழெட்டு மாற்றங்களே போதும். வாய் வடிவம் ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வரட்டும்.

கதை சிவாஜி நகரில் நடந்தால், கன்னடச் சொல் கலந்த பெங்களூர்த் தமிழையே பேச வையுங்கள். அதைத் திருத்தி மதுரைத் தமிழாக்க வேண்டியதில்லை. இந்த ஊர்ப் பேச்சைத் திரையில் கேட்பது அபூர்வம், உங்கள் படத்துக்கு அது பலம்.

ஒலியை வீட்டிலேயே பதிவு செய்யலாமா?

செய்யலாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதற்குள் முகத்தைக் காட்டிப் பேசினால் எதிரொலி குறையும். மின்விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். 48 கிலோ ஹெர்ட்ஸில் பதியுங்கள். யாரும் பேசாத அறையின் ஓசையை 30 விநாடி தனியாகப் பதிந்து வையுங்கள், வசனங்களுக்கு இடையில் அதைப் போடாவிட்டால் ஒலி விட்டு விட்டு வரும். மற்ற ஓசைகள் சமையலறையிலேயே கிடைக்கும். முருங்கைக்காயை முறுக்கி உடைத்தால் எலும்பு முறிகிற ஓசை வரும்.

இளையராஜா பாட்டைப் பின்னணியில் போடலாமா?

கூடாது. பத்து விநாடி என்றாலும் அனுமதி வேண்டும். பாரதியார் வரிகளும் தியாகராஜர் கீர்த்தனைகளும் பொதுவுடைமை, ஆனால் யாரோ பாடிய ஒலிப்பதிவு அப்படி அல்ல. வெளியான ஒலிப்பதிவுக்கு இந்தியாவில் 60 ஆண்டு உரிமை உண்டு. தெரிந்த ஒருவரைப் பாடச் சொல்லி நீங்களே பதியுங்கள், அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

படம் முடிந்தது. யூடியூபில் போடலாமா, விழாவுக்கு அனுப்பலாமா?

விழா முதலில். இணையத்தில் வெளியான படத்தை ஏற்காத விழாக்கள் உண்டு, விதிகளைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். பெங்களூரிலேயே சர்வதேசக் குறும்பட விழா நடக்கிறது. மும்பையில் 1990-லிருந்து நடக்கும் எம்.ஐ.எஃப்.எஃப். (மும்பை சர்வதேசத் திரைப்பட விழா) விழாவில் அனிமேஷனுக்குத் தனி இடம் உண்டு, அது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. பல விழாக்களுக்கு ஃபிலிம்ஃபிரீவே என்ற இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் சேர்ந்துகொண்டே போகும், ஆகவே மொத்தத் தொகையை முதலிலேயே நிர்ணயித்துக்கொண்டு அதற்குள் நில்லுங்கள். அனிமேஷனுக்குப் பிரிவே இல்லாத, பெயர் கேள்விப்படாத, மாதாமாதம் விருது தரும் விழாக்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

தேர்வானால் டி.சி.பி. கேட்பார்கள், அதாவது திரையரங்கு ப்ரொஜெக்டருக்கான கோப்பு. டி.சி.பி.-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். 1920க்கு 1080 அளவில் எடுத்த படம் 1998க்கு 1080 சட்டத்தில் உட்காரும்போது இரு பக்கமும் 39 பிக்சல் கறுப்பு வரும். அது பிழை இல்லை.

ஸ்டூடியோ வேலைக்கு ரீல் எப்படி இருக்க வேண்டும்?

ஒரு நிமிடம். சிறந்த துண்டு முதல் பத்து விநாடிக்குள். பிளெண்டர் பழகும் எல்லோரும் செய்யும் டோனட்டை வைக்காதீர்கள். இலவச ரிக் (வேறொருவர் செய்து தந்த, அசைக்கத் தயாரான பாத்திரம்) பயன்படுத்தியிருந்தால் அதைச் சொல்லுங்கள், மறைத்தால் பார்ப்பவருக்கு உடனே தெரியும். பெயர், செல்பேசி எண், எந்த வேலைக்கு என்ற ஒரு வரி, முதலிலும் கடைசியிலும் இருக்கட்டும். பெங்களூர் ஸ்டூடியோக்களில் புதியவர்களுக்கு ரோட்டோ (உருவத்தின் ஓரத்தைக் கோடிட்டுப் பிரிப்பது), பெயின்ட் (வேண்டாததை அழிப்பது), கிளீன்-அப் (கோடுகளைச் சுத்தமாக வரைவது) வேலைகள்தான் பெரும்பாலும் முதலில் கிடைக்கும். அவற்றில் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்கும் கண் வரும். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தால் அசைவு வேலைக்கு மாறுவது கடினமாகும், அதனால் இரவில் உங்கள் சொந்த ஷாட் ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து அனிமேஷன் வேலை தருகிறோம், முதலில் டெபாசிட் கட்டுங்கள் என்கிறார்கள்.

கட்டாதீர்கள். வேலை தருபவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும்.

தனியாக வேலை எடுத்தால் எவ்வளவு கேட்பது? ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?

விநாடிக்கு இவ்வளவு என்று வாயால் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். நாட்களை எண்ணுங்கள். ஒரு ஸ்டார்ட்-அப்புக்கு ஒரு நிமிட விளக்கப்படம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்ட்டும் போர்டும் 3 நாள், தோற்ற மாதிரி 2, வடிவமைப்பு 3, அசைவு 8, ஒலி 2, திருத்தம் 3. மொத்தம் 21 நாள். உங்கள் நாட்கூலி 2,000 ரூபாய் என்றால் 42,000. கல்யாண அழைப்பிதழ்க் காணொளிக்கும் இதே கணக்குதான், உறவுக்காரர் என்றால் தள்ளுபடியை பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள். அப்போதுதான் அடுத்தவர் அதையே விலை என்று நினைக்கமாட்டார்.

தொடக்கத்தில் 40 சதவீதம், அனிமேட்டிக் ஒப்புதலில் 30, கடைசிக் கோப்பைத் தருமுன் மீதி 30. இரண்டு சுற்றுத் திருத்தம் இலவசம், மூன்றாவதுக்கு நாட்கூலி. ஒவ்வொரு கட்டத்திலும் "ஓகே" என்று மின்னஞ்சலில் வாங்குங்கள். போனில் சொன்ன ஓகே அடுத்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

உரிமை விஷயம் முக்கியம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன திரைப்படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். எனவே ரீலில் காட்டும் அனுமதி, மூலக்கோப்பு யாரிடம் இருக்கும் என்பது, உங்கள் பெயர் போடுவது, மூன்றையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். உங்களுக்கே உரிமையுள்ள ஒரு பாத்திரத்தின் உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும்போது காலமும் எல்லையும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

நிறுவனங்கள் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துத் தருவது வழக்கம். பான் எண் தராவிட்டால் 20 போகும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

இரண்டு படம் முடித்து, அறிமுகம் இல்லாத இரண்டு பேரிடமாவது பணம் வாங்கிய பிறகு யோசியுங்கள். ஆறு மாத வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம் மூன்றும் கையில் இருக்கட்டும். வீட்டு அட்வான்ஸை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், காலி செய்யும் நாளில்தான் அது வரும், அதிலும் பெயின்டிங் செலவு கழிந்துதான்.

ஹார்ட் டிஸ்க் போய்விட்டால்?

மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று. கோப்புப் பெயரை 'கடைசி', 'கடைசி புதுசு' என்று வைக்காமல் ஷாட் எண், பதிப்பு எண் என்று வையுங்கள்: shot010_v03. பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் எழுதினால் எந்த மென்பொருளும் தகராறு செய்யாது. மாதம் ஒரு முறை வெளி டிஸ்க்கிலிருந்து ஒரு ஷாட்டைத் திறந்து பாருங்கள். சில சமயம் கோப்பின் பெயர் தெரியும், ஆனால் உள்ளே இணைத்த படங்கள் இருக்காது. பிளெண்டரில் 'பேக் ரிசோர்சஸ்' கொடுத்துச் சேமித்திருந்தால் படங்களும் அதே கோப்புக்குள் வந்திருக்கும்.